இலவமரத்தின் இரண்டு எண்கள்

நான் தில்லிக்கு வந்து பணியேற்ற நாள்களில், தென்தில்லியின் அரசுக் குடியிருப்புகளில் பாறுகள் இருந்தன. பிணந்தின்னிக் கழுகு என்று பிறர் சொல்லும் அப்பறவைகள், வெயில் ஏறும்வரை மர உச்சிகளில் தோள்களைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலுவலகப் பேருந்துக்குக் காத்து நிற்கையில் அண்ணாந்து பார்த்து முகம் சுளிப்போம். பிறகு ஒரு காலத்தில் அவை இல்லை. கடைசியாக ஒரு பாறு என் கண்ணில் பட்ட நாள் எது என்று எனக்குத் தெரியாது. கோப்புகளின் ஓரத்தில் நாளிட்டுக் கையொப்பமிட்டே வாழ்நாளைக் கழித்தவன் நான். அந்த ஒரு நாள் மட்டும் என்னிடம் இல்லை.

ஓய்வு பெற்றபின், நடுவண் அரசுப் பணியிலிருக்கும் மகனோடு அவனுக்கு ஒதுக்கப்பட்ட வீட்டில் வாழ்ந்துவந்தேன். இரண்டு மாடிக் கட்டடங்கள், நடுவே புல்வெளிகள், என் பணிக்காலத்துக்கு முந்திய மரங்கள். நான் சொல்லவரும் ஆண்டின் தொடக்கத்தில், அக்குடியிருப்பு முழுவதையும் இடித்துவிட்டு பல அடுக்கு உயர்மாடங்கள் எழுப்பப்போவதாக ஆணை வந்தது. தொகுதி தொகுதியாகக் காலி செய்யவேண்டும். எங்கள் தொகுதி கடைசி. ஆகவே மற்றவர்கள் போவதை இருந்து பார்க்கும் நிலை எங்களுக்கு. ஒரு வீடு காலியான மறுநாளே கதவுகளையும் சன்னல் சட்டங்களையும் பெயர்த்துச் சென்றுவிடுவார்கள். எஞ்சிய கருஞ்சதுரங்களுக்குள் புறாக்கள் குமுறிக்கொண்டிருக்கும். பங்குனி வெயிலிலும் அந்தப் பக்கம் நடக்கையில் எனக்கு நடை விரையும்.

அந்நாள்களில்தான் ஒரு கலைச்சொற்பட்டியலில் ஈடுபட்டிருந்தேன். மந்திர் மார்க்கில் உள்ள தமிழ்ப் பள்ளியில் தமிழ்வழி படிக்கும் பிள்ளைகளின் கையில் கொடுக்கத்தக்கதாக, காட்டுயிர்க் காப்பு உயிரியலின் அடிப்படைச் சொற்களைத் தமிழில் தொகுப்பது திட்டம். சொல்லாக்கம் என் பொறுப்பு. பொருள் பொறுப்பு ஓர் அம்மையாருடையது. அவர் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். தில்லியில் எத்தனை ஆண்டு வாழ்ந்தும் தாமிரபரணி அவர் பேச்சைவிட்டுப் போகவில்லை. ஆர்.கே.புரத்திலிருந்து வாரத்தில் இருமுறை, காலையில், பேருந்தில் வருவார். நான் அவரை ‘டீச்சர்’ என்றே அழைத்தேன். தூய தமிழில் அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று அவர் முதல்நாளே சொல்லிவிட்டார்.

அவர் வைத்த நெறி ஒன்றுண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஓர் எடுத்துக்காட்டு எழுதவேண்டும். அந்த எடுத்துக்காட்டு எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரக்கூடியதாக இருக்கவேண்டும். “ஆப்பிரிக்காவுல சிங்கம் இருக்குன்னு எழுதினா பிள்ளைய மனப்பாடம் பண்ணிட்டுப் போயிரும். அதுக கண்ணு முன்னால இருக்கதை எழுதுங்க” என்பார்.

ஆகவே நடந்தோம். ‘அயல் ஊடுருவல் இனம்’ என்பதற்குச் சுற்றுச்சுவரை ஒட்டி வளர்ந்திருந்த சீமைக்கருவேலம் கிடைத்தது. வடநாட்டார் விலாயதி கீக்கர் என்பது அதனையே. வெளியிலிருந்து வந்து, உள்ளூர்ச் செடிகளின் நீரையும் நிலத்தையும் பற்றிக்கொண்டு, அவற்றை முளைக்கவிடாமல் பரவுவது. ‘அச்சாணி இனம்’ என்பதற்குப் பேருந்து நிறுத்தத்து ஆலமரம். அதன் பழத்தை நம்பிப் பல உயிர்கள் இருப்பதால், அது ஒன்று சாய்ந்தால் பலவும் சாயும். ‘வாழிடத் துண்டாடல்’ என்பதற்கு எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டு மாடத்தில் நின்றாலே போதும். இடிக்கப்பட்ட தொகுதிகளின் வெற்றுநிலம் நடுவே புகுந்து, மரக்கூட்டங்களைத் தனித்தனித் தீவுகளாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு இவ்வளவு எளிதாகக் கிடைப்பது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

ஒரு சொல்லில் மட்டும் நாங்கள் முரண்பட்டோம். ஓரிடத்தில் ஓர் இனத்தின் உயிர்கள் இன்னும் கண்ணுக்குத் தென்படுகின்றன, பறக்கின்றன, உண்கின்றன, ஆனால் அங்கே இனிப் பெருக வழியில்லை. அந்நிலைக்கு ஒரு சொல் வேண்டும் என்றார் அவர். ‘செயலளவில் அற்றது’ என்று நான் எழுதினேன். எழுதியபின் எனக்கே அது உறுத்தியது.

“உயிரோடு இருப்பதை அற்றது என்பது எவ்வாறு பொருந்தும், டீச்சர்?”

“பொருந்தும். நீங்க ரிட்டயர் ஆன அன்னைக்கு ஆபீஸ்ல உங்க நாற்காலி இருந்துதுல்லா, அது மாதிரி.”

“நாற்காலிக்கு வேறொருவர் வந்துவிட்டார்.”

“அதான் சொல்லுதேன். இங்க யாரும் வரமாட்டா.”

அச்சொல்லுக்கு எதிரே கட்டம் வெறுமையாக நின்றது.

சித்திரையில் இருவாச்சிகளைக் கண்டோம். சாம்பல் இருவாச்சி தில்லியில் அரிதன்று. வளைந்த பெரிய அலகும் நீண்ட வாலுமாக, அலையலையாகப் பறந்து செல்லும். இங்குள்ளோர் தனேஷ் என்பர். எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நின்ற முதிய இலவமரத்தில், மூன்றாள் உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. பெண்பறவை அதனுள் புகுந்து, தன் எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாயிலை அடைத்துக்கொண்டது. ஓர் அலகு நுழையும் பிளவு மட்டும் எஞ்சியது. முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு ஓரளவு வளரும்வரை அது வெளியே வராது. வரவும் இயலாது, உள்ளே இருக்கும்போது சிறகிறகுகளையும் வாலிறகுகளையும் உதிர்த்துவிடும். ஆண்பறவை பேருந்து நிறுத்தத்து ஆலமரத்திலிருந்து பழங்களை விழுங்கி வந்து, பிளவில் அலகை வைத்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். உள்ளிருந்து ஓர் அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டு மறையும்.

நான் அதைப் பார்க்க நாள்தோறும் போகலானேன். மனைவி மறைந்த பிறகு எனக்கு அவ்வளவு ஒழுங்காகச் செல்வதற்கு ஓரிடம் இருந்ததில்லை.

மரங்களில் எண் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். வெள்ளை எண், மரங்களுக்குப் பொறுப்பான அரசு அலுவலகத்தின் பதிவேட்டு எண். ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு மங்கியிருந்தது. சிவப்பு எண், வெட்டும் ஒப்பந்தக்காரரின் ஆள்கள் அவ்வாண்டு புதிதாக எழுதியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. இலவமரத்தின் வெள்ளை எண் நூற்றுப்பதினான்கு; சிவப்பு எண் முப்பத்தேழு. ஆண்பறவை வந்து அமரும் கிளைக்கு நேர் கீழே இரண்டும் அருகருகே இருந்தன.

மழைக்காலம் தொடங்கும்வரை அம்மரத்தை வெட்டாதிருக்க வேண்டி மடல் எழுத முனைந்தேன். அது என் தொழில். ஓர் அதிகாரி மறுக்க முடியாத மடலை எழுதத் தெரிந்தவன் என்று அமைச்சகத்தில் எனக்குப் பெயர் உண்டு. எழுதி முடித்து டீச்சரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“நூத்திப்பதினாலுன்னு மட்டும் எழுதியிருக்கீய. சிவப்பு நம்பரையும் போடுங்க. தண்ணி டாங்குக்கு எதுத்தாப்புல, இலவமரம், பொந்து இருக்குன்னும் எழுதுங்க. ஒரு மஞ்சத் துணியைச் சுத்தி வச்சாலும் நல்லது.”

“பதிவேட்டில் உள்ள எண் ஒன்றே அரசுக்கு எண். ஒப்பந்தக்காரன் கிறுக்கியதை மடலில் ஏற்றினால் அதற்கு நாமே தகுதி கொடுத்தவராவோம். மரத்தின் பெயரும் இடமும் பதிவேட்டிலேயே உள்ளன. உள்ளதை மீண்டும் சொல்வது பதிவேட்டை ஐயுறுவதாகும்.”

“கோடாலி பிடிக்கவன் பதிவேட்டையா பாக்கப்போறான்?”

“அவனுக்கு நான் எழுதவில்லை.”

அவர் தாளைத் திருப்பித் தந்தார். “நீங்க பேசுததைக் கேட்டா கல்வெட்டு வாசிக்க மாதிரி இருக்கு ஸார். நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்வெட்டு எழுதினவன் ஒருத்தனும் இப்பம் இல்லை.”

நான் சிரித்தேன். மடலை எழுதியபடியே அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் ஆணை வந்தது. மரம் எண் நூற்றுப்பதினான்கு மழைக்காலம் தொடங்கும்வரை வெட்டப்படலாகாது; மூங்கில் வேலியிட்டு அறிவிப்புப் பலகை மாட்டவேண்டும். என் மடலின் சொற்றொடர்கள் ஏறத்தாழ அப்படியே ஆணையில் இருந்தன. அதனினும் இனிய பரிசு ஓய்வுபெற்ற ஓர் அலுவலருக்கு இல்லை. ஆணையின் படியைக் கோப்பில் துளையிட்டுக் கோத்தேன். அன்று கடும் அனற்காற்று. மருத்துவர் வெயிலில் போகவேண்டா என்றிருந்தார், மகனும் தடுத்தான். இரண்டு நாள் இலவமரத்துக்குப் போகவில்லை. ஆணை இருக்கிறதே என்ற அமைதியில் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை டீச்சர் வந்தார். வழக்கமாக வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நுழைபவர், அன்று செருப்போடு நின்றார்.

“ஆணை வந்திருக்குன்னு போன்ல சொன்னியளே, போய்ப் பாத்தியளா?”

“ஆணை வந்தபின் பார்ப்பதற்கு என்ன?”

“வாங்க.”

சுற்றுச்சுவர் ஓரமாக அழைத்துச் சென்றார். அங்கே சீமைக்கருவேலத்தைச் சுற்றிப் புது மூங்கில் வேலி. இந்தியில் எழுதிய பலகை. பலகையில் என் ஆணையின் எண். முள்மரத்தின் தண்டில், சிவப்பு வண்ணத்தில், நூற்றுப்பதினான்கு. வேலிக்குள் நிலம் கொத்தி நீர் ஊற்றியிருந்தார்கள். தில்லியில் யாரும் விதைக்காமலே பெருகுகின்ற, எங்கள் பட்டியலில் தீமைக்கு எடுத்துக்காட்டாக நானே எழுதிய அம்மரத்துக்கு, அவ்வளவு நேர்த்தியான காவலை நான் பெற்றுத் தந்திருந்தேன்.

தொட்டிப் பக்கமிருந்து அறுவைப் பொறியின் ஓசை கேட்டது. பக்கத்து வேம்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது முப்பத்தேழு என்று டீச்சர் வழியிலேயே கேட்டு வந்திருந்தார்.

“நான் மரத்துக்கிட்ட போய் நிக்கேன். நீங்க ஆபீசுக்குப் போய் ஒரு சீட்டு வாங்கிட்டு ஓடியாங்க. ஜல்தி.”

அலுவலகம் சாலையைக் கடந்தால் வந்துவிடும். அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். என் பேச்சைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். “அச்சா, அங்கிள் ஜீ, எண் மாறிவிட்டதா. நீங்கள் ஒரு திருத்த வேண்டுகோள் எழுதித் தாருங்கள், இப்பொழுதே கையெழுத்திடுகிறேன்” என்றார் இந்தியில். தாளும் மேசையும் தந்தார்.

அங்கே நான் செய்ததை இதுவரை மகனிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. இருவரி எழுதினால் போதும். நான் முந்தைய மடலின் எண்ணையும் நாளையும் சுட்டி, ஆணையின் எண்ணையும் நாளையும் சுட்டி, பிழை நேர்ந்த முறையை விளக்கி, ஒரு பக்கம் எழுதினேன். கடைசி வரியில் முப்பத்தேழு என்பதற்கு மாறாக நூற்றுப்பதினான்கு என்றே கை எழுதிவிட்டது. அதை அடித்து, மேலே சரியான எண்ணை எழுதினேன். அடித்தல் உள்ள தாளை அதிகாரியிடம் நான் என் பணிக்காலத்தில் ஒருநாளும் நீட்டியதில்லை. புதுத்தாள் கேட்டு வாங்கி, முதலிலிருந்து எழுதினேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இளைஞர் இடையில் ஒருமுறை எழுந்து வந்து, “அப்படியே கொடுங்கள் அங்கிள் ஜீ, பரவாயில்லை” என்றார். நான் கையை உயர்த்தி, இதோ முடிந்துவிட்டது என்றேன்.

திருத்த ஆணையோடு நான் திரும்பும்போது பொறியின் ஓசை நின்றிருந்தது. அந்த அமைதியே எனக்குச் செய்தி சொல்லிவிட்டது.

மரம் தொட்டியை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. டீச்சர் அதன் அருகே தரையில் உட்கார்ந்திருந்தார். வெட்டும் ஆள்களின் தலைவன், பீகாரைச் சேர்ந்த நடுவயதினன், எழுந்து நின்று என்னிடம் கைகூப்பினான்.

“பாபுஜி, மாதாஜி தாள் வருகிறது என்றார். அரைமணி நேரம் பொறியை நிறுத்தி வைத்தேன். ஒப்பந்தக்காரர் இரண்டு முறை தொலைபேசியில் திட்டினார். அலுவலகம் அங்கேதானே இருக்கிறது, இவ்வளவு நேரமா ஆகும் என்றார். நான் என்ன செய்ய?”

நான் தாளை நீட்டினேன். அவன் படிக்கத் தெரியாதவன். ஆனாலும் இரு கைகளாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

பொந்துக்கு மேலும் கீழுமாகத் தண்டை அறுத்து எடுக்கும்படி டீச்சர் அவனை முன்பே பணித்திருந்தார். அடைப்பை அவரே விரலால் பெயர்த்தார். காய்ந்த மண் கல்லைப்போல் இருந்தது. உள்ளே முட்டைகள் உடைந்து வழிந்திருந்தன. அவற்றின்மேல் பெண்பறவை, வாலும் சிறகிறகும் இன்றி, பாதியுரித்த பொருள்போல, கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. ஆள்களில் ஒருவன் மாம்பழப் பெட்டி கொண்டுவந்தான். டீச்சர் தம் புடவைத் தலைப்பால் பறவையைப் பொதிந்து அதில் வைத்தார். நகரின் பழைய பகுதியில் பறவைகளுக்கென்றே நடத்தும் அறமருத்துவமனைக்கு ஆட்டோவில் எடுத்துச் சென்றார்.

நான் அங்கேயே நின்றேன். பத்து மணியளவில் ஆண்பறவை வந்தது. தண்டு இருந்த வெளியில் ஒருமுறை வட்டமிட்டது. பிறகு சுவரோரச் சீமைக்கருவேலத்தில் போய் அமர்ந்தது. தொண்டையிலிருந்து ஓர் ஆலம்பழத்தை அலகின் நுனிக்குக் கொண்டுவந்து, பிடித்துக்கொண்டு, அப்படியே இருந்தது. அது விழுங்கவில்லை. நான் வீடு திரும்பும்வரை விழுங்கவில்லை.

டீச்சர் என்மேல் சினங்கொள்ளவில்லை. கொண்டிருக்கலாம். மறுவாரம் வழக்கம்போல வந்து பட்டியலைத் திறந்தார். நான் அடித்தல் உள்ள அந்த முதல் தாளை எடுத்து அவர்முன் வைத்தேன். அலுவலகத்திலிருந்து அதைச் சட்டைப்பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தாளை நெடுநேரம் பார்த்தார்.

“இதுல என்ன குறை?” என்றார்.

நான் தாளை வாங்கி மீண்டும் மடித்தேன்.

“சரி. அடுத்த சொல்லுக்குப் போவோம்.”

பெண்பறவை பிழைத்தது. இறகுகள் முளைத்தபின், மழைக்காலம் முடிந்து, அதைக் கொண்டுவந்து எங்கள் ஆலமரத்தடியில் விடுவித்தார்கள். ஆண்பறவை இரண்டு நாளில் அதனைக் கண்டுகொண்டது. குடியிருப்பில் எஞ்சிய சிலரும் கைதட்டினர். அதிகாரி இளைஞர் வந்திருந்தார். என் கையைப் பற்றிக்கொண்டு, “அங்கிள் ஜீ, இரண்டும் நலம், இனிக் கவலை விடுங்கள்” என்றார். அவர் மனம் நிறைந்தே சொன்னார். டீச்சர் மட்டும் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஆலமரத்தில் பொந்து இல்லை. அதைத் தவிர, பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரம் அப்பகுதியில் ஒன்றுகூட எஞ்சவில்லை. புதிதாக நட்டவை இடுப்பளவு. பொந்து விழ அவற்றுக்கு ஒரு மனித ஆயுள் வேண்டும். இருவாச்சிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

அடுத்த பங்குனியில் எங்கள் தொகுதியையும் காலி செய்தோம். முனிர்காவில் வாடகை வீடு. ஆயினும் சித்திரை முழுவதும் காலையில் பேருந்தேறிப் பழைய இடத்துக்கு வந்துவிடுவேன், டீச்சரும் வருவார். இணை இரண்டும் அங்கேயே இருந்தன. உயர்மாடத்தின் பூசாத சுவரில் குழாய்க்கென விட்ட துளைகள் வரிசையாக இருந்தன. பெண்பறவை ஒவ்வொன்றிலும் தலையை நுழைத்துப் பார்க்கும்; பின்வாங்கும்; அடுத்ததற்குப் போகும். ஆண்பறவை பழத்தோடு பின்னாலேயே செல்லும். ஒரு துளையைப் பெண்பறவை இரண்டு நாள் மண்குழைத்து அடைத்துவந்தது. மூன்றாம் நாள் அதில் குழாய் பொருத்திவிட்டார்கள்.

அந்தப் பருவத்தின் இறுதியில் ஒருநாள் டீச்சர் பைக்குள்ளிருந்து பட்டியலை எடுத்தார். ‘செயலளவில் அற்றது’ என்ற சொல்லுக்கு எதிரே வெறுமையாக இருந்த கட்டத்தைக் காட்டி, பேனாவை என்னிடம் நீட்டினார்.

“உயிரோடு இருக்கதை எப்படி அற்றதுன்னு சொல்லன்னு கேட்டியளே.”

நான் எழுதினேன். மரம் எண் நூற்றுப்பதினான்கு என்று தொடங்கிவிட்டேன். அதை அடித்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நின்ற இலவமரத்தின் இருவாச்சிகள் என்று, அடித்தலுக்குப் பக்கத்திலேயே, அதே தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

சீமைக்கருவேலம் இன்றும் நிற்கிறது. மூங்கில் வேலி சாய்ந்துவிட்டது, பலகை இருக்கிறது. திருத்த ஆணை, வெட்டலாகாத மரமாக முப்பத்தேழைச் சேர்த்தது. வேலியிட்ட மரத்தை விடுவிக்கவில்லை. ஆகவே மழைக்காலம்வரை என்ற கெடு முடிந்தும், நீக்கும் ஆணை இன்றி அதனைத் தொட யாருக்கும் அதிகாரம் இல்லையாம். அடியில் நூற்றுக்கணக்கில் கன்றுகள் முளைத்துச் சுவரைத் தாண்டிவிட்டன. கடந்த வாரம் அதிகாரி இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். மரத்தை வெட்டுவதற்கு அந்த ஆணையை நீக்கவேண்டுமாம். முதலில் வேண்டியவர் நான் என்பதால், நானே ஒரு மடல் எழுதித் தந்தால் எளிது என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுக் காலை அதன் பொருட்டு மரத்தைப் பார்க்கப் போனேன். இரண்டு பறவைகளும் அதன் கிளையில் இருந்தன. ஆண்பறவை பழத்தை நீட்டிற்று. பெண்பறவை வாங்கிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாதது போல, அலகில் பிடித்தபடி அமர்ந்திருந்தது.